பங்குகளை இரண்டு புரோக்கர்களிடம் பிரித்து வைக்கலாமா?

கேள்வி: பத்து வருடமாக ஒரே புரோக்கரிடம்தான் டீமேட் கணக்கு வைத்திருக்கிறேன். நீண்ட கால முதலீடு, அவ்வப்போது செய்யும் டிரேடிங் எல்லாம் அதில்தான். பங்குகளின் மதிப்பு இப்போது சுமார் 18 லட்சம் ரூபாய். "எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, மூன்று நான்கு புரோக்கரிடம் பிரித்துவிடு" என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: இன்னொரு கணக்கு திறங்கள். அது ஒன்று போதும், மூன்று நான்கு வேண்டாம்.

உங்கள் பங்குகள், பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் அமைப்பான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் டெபாசிட்டரியில் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன. புரோக்கர் தொழிலை மூடினாலும் அவை உங்களுடையவைதான். ஆபத்து, புரோக்கருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தில் இருக்கிறது. 2019-ல் கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் விவகாரத்தில் நடந்தது அதுதான். பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருந்த வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கணக்குக்கு மாற்றி, அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தது அந்த நிறுவனம். 2,000 கோடி ரூபாய்க்கும் மேல்! பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தலையிட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பங்குகள் திரும்பின. அப்புறம் விதிகளும் இறுகின. 2020 செப்டம்பர் முதல் மார்ஜினுக்காக (டிரேடிங்குக்கான பிணைத் தொகை) அடமானம் வைத்தாலும் பங்கு உங்கள் டீமேட் கணக்கை விட்டு வெளியே போவதில்லை. 2022-ல் பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதிலாக, குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் புரோக்கருக்கு அதிகாரம் தரும் டிடிபிஐ வந்தது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அதனால் இப்படிப் பிரியுங்கள். நீண்ட கால முதலீடு முழுவதும் ஒரு கணக்கில் இருக்கட்டும். அதில் டிடிபிஐ தராதீர்கள், எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் டிரேடிங்) வசதியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை விற்கும்போதும் பின் நம்பரும் ஓடிபியும் போட வேண்டியிருக்கும். எப்போதாவது விற்பவருக்கு அது ஒரு சிரமமே இல்லை. டிரேடிங் இன்னொரு கணக்கில் நடக்கட்டும்.

இதில் பலரும் கவனிக்காத வரி விஷயம் ஒன்று உண்டு. ஒரு பங்கை ஐந்து வருடம் முன்பு 100 ரூபாய்க்கு 100 வாங்கினீர்கள். போன மாதம் அதையே 480 ரூபாய்க்கு இன்னும் 100 வாங்கி, இன்று 500 ரூபாய்க்கு 100 பங்கை விற்கிறீர்கள். லாபம் 2,000 ரூபாய் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரே கணக்கு என்றால், முதலில் வந்தது முதலில் போனது என்றுதான் வருமான வரித்துறை கணக்கிடும். ஐந்து வருடப் பங்கு விற்றதாகி, லாபம் 40,000 ரூபாய் ஆகிவிடும். இந்த வரிசை ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனி. போன மாதம் வாங்கியது வேறு கணக்கில் இருந்தால், லாபம் 2,000 ரூபாய் மட்டுமே.

சரி, ஒரு ஆப் முடங்கினால் இன்னொன்று கைகொடுக்குமா? புதிதாக வாங்கலாம். முதல் கணக்கில் இருக்கும் பங்கை உடனே இரண்டாவதிலிருந்து விற்க முடியாது. இதற்காக நான்கு கணக்கு வைப்பது வீண்.

கணக்கு கூடக்கூட ஆண்டுக் கட்டணமும் கூடும். சிறு முதலீட்டாளர்களுக்கான பிஎஸ்டிஏ கட்டணச் சலுகை, ஒரே ஒரு டீமேட் கணக்கு வைத்திருப்பவருக்கு மட்டும்தான். அந்தச் சலுகையின் வரம்பான 10 லட்சத்தைத் தாண்டிவிட்ட உங்களுக்கு அதனால் இழப்பில்லை. ஐபிஓ-வுக்கு (புதிய பங்கு வெளியீடு) எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரு பான் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம்தான். நாமினியை மட்டும் ஒவ்வொரு கணக்கிலும் தனியாகப் பதிய வேண்டும். மறந்துபோன கணக்கு வீட்டாருக்குப் பெரிய அலைச்சல்.

எதை மாற்றுவது? டிரேடிங் பழைய கணக்கிலேயே தொடரட்டும். நீண்ட கால முதலீட்டைப் புதியதற்குக் கொண்டுபோங்கள். உங்கள் பெயரிலேயே மாற்றுவது விற்பனை ஆகாது, வரி வராது. ஆனால் வாங்கிய விலையும் தேதியும் புதிய புரோக்கரின் ஆப்பில் தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். மாற்றுவதற்கு முன்பே பழைய கணக்கிலிருந்து அந்த விவரங்கள் முழுவதையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.