மடியில் ஏறாத பூனை

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “மூணு வருசமா ஒரு நாட்டுப்பூனை வளர்க்கிறேன் டாக்டர். மடியில் ஏறவே ஏறாது, தூக்கினால் பிறாண்டும். காலையில் கட்டுத்தறிக்குப் பால் கறக்கப் போனால் மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசும். செத்த எலியை வாசப்படியில் போட்டுவைக்கிறது. பூனைக்கு நன்றியே கிடையாது என்கிறார் மாமியார். தெரிந்தவர் ஒருத்தர் பெர்சியன் குட்டி தருகிறேன், மடியை விட்டே இறங்காது என்று 12,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?”

வேண்டாம் அம்மிணி. அந்த ஆளுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பூனை உங்களிடம் பிரியமாகத்தான் இருக்கிறது. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் வால் அடியிலும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. உங்கள் காலில் உரசும்போது அந்த வாசனையைப் பூசி, ‘இது நம்ம ஆளு’ என்று கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வாலை நட்டக்குத்தலாகத் தூக்கி வருவது குட்டி தாய்ப்பூனையிடம் வருகிற தோரணை. பாலுக்காக வருகிறது என்பார் உங்கள் மாமியார். பாலுக்கும்தான் வருகிறது, அதனால் என்ன? (கிண்ணம் கிண்ணமாக ஊற்றாதீர்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிறு கழியும்.)

தூக்கினால் பிறாண்டுவது கோபமில்லை. கால் தரையை விட்டுப் போனால் தப்பிக்க வழியில்லை என்று பயப்படுகிறது. தூக்காதீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பதில் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, தூரத்திலிருந்தே அதைப் பார்த்து மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே செய்தால் உங்களை நம்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020-இல் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார்கள். எலியைப் பொறுத்தவரை, திட்டாமல் காகிதத்தில் வாரிக் குழியில் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ‘குர்ர்’ என்று சத்தம் போட்டாலே பூனை சந்தோசமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வலியிலும் அதே சத்தம் போடும். பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு கடுவன் (ஆண்) பூனையைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். “ரெண்டு நாளா மடியை விட்டே எறங்கலீங்க, ஒரே கொஞ்சல்” என்றார் அந்த வீட்டம்மா. வயிற்றைத் தொட்டால் மூத்திரப்பை எலுமிச்சங்காய் மாதிரி கல்லாகக் கிடந்தது. மூத்திரக்குழாய் அடைத்துப் போயிருந்தது. என் கையிலும் அது குர்ரென்றுதான் இருந்தது. கடுவனுக்குக் குழாய் ஒடுக்கம், அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அதனால் திடீரென்று ஒட்டிக்கொண்டு கிடந்தால், தின்னாமல் இருந்தால், மூத்திரம் போக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், அன்றைக்கே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் புகட்டிக்கொண்டிருக்காதீர்கள். வலிக்கிறதென்று பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது விஷம்.

ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டேன், அங்கே என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் வேலையில் இருந்த காலத்தில், பூனைக்கு அடைப்பை எடுக்க உள்ளே விடுகிற மெல்லிய குழாய் வேண்டுமென்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன். வந்தது ஆட்டுக்குக் குடற்புழு மருந்து. மாதாந்திரக் கூட்டத்தில் எத்தனை மாட்டுக்குச் சினை ஊசி போட்டாய் என்று கேட்பார்கள். பூனை என்று வாயெடுத்தால் சிரிப்பார்கள். கடைசியில் கைக்காசு போட்டுத்தான் வாங்கி வைத்தேன்.

பூனையைப் பற்றி விசாரிக்க ஆளில்லாத இந்த இடைவெளியில்தான் பூனை விற்கிற புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். கருங்கல்பாளையம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு அச்சாரம் கொடுப்போமா? பூனைக்கு மட்டும் வாட்ஸப் போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடுகிறோம். ‘டபுள் கோட், பஞ்ச் பேஸ், ப்ளூ ஐ’ என்பான் புரோக்கர், அதாவது அடர்ந்த முடி, அமுங்கிய மூஞ்சி, நீலக் கண். எல்லாப் பூனைக்குட்டிக்கும் ஆறேழு வாரம் வரைக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும் அம்மிணி! கண் நிறம் மாறுவதற்குள் தள்ளிவிட வேண்டுமென்றுதான் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிக்கிறான். அப்படிப் பிரித்த குட்டி பின்னால் கடிக்கும், மிரளும். மூக்கு அமுங்கியதாக இருந்தால் நம் சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும். 2018-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, மாநில விலங்கு நல வாரியத்தில் பதியாமல் செல்லப்பிராணிக் கடை நடத்தக் கூடாது. அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதற்குமேல் அவன் உங்கள் போனை எடுக்கமாட்டான்.

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் கொஞ்சத்தை எடுத்து உங்கள் பூனைக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். பிறாண்டும் என்கிறீர்களே, மூடி போட்ட கூடையில் வைத்தே கொண்டு போங்கள். அது கடுவனா பெட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. கடுவனாக இருந்தால், மேலே சொன்ன மூத்திரச் சங்கதியை மாமியாரிடமும் சொல்லி வையுங்கள், பகலில் வீட்டில் இருந்து பார்க்கிறவர் அவர்தானே.