நான்கு பேர், ஒரே கோப்பு: 7,200 ரிங்கிட் சர்வர் தேவையா?

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவில் செம்பனைக் குலை வாங்கும் நிலையத்தில் கிராணியாக இருக்கிறேன். லோரி எடை, சிறு தோட்டக்காரர்களின் கணக்கு, பட்டுவாடா எல்லாம் ஒரே ஆக்சஸ் (மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருள்) கோப்பில் இருக்கின்றன. முதலாளியின் கணினியில் உள்ள அதை நான்கு பேர் திறக்கிறோம். எடைப்பாலக் கொட்டகையில் இருப்பவர் வைஃபை வழியாகத் திறக்கிறார். சென்ற மாதம் இரண்டு முறை கோப்பு கெட்டு, ஒரு பிற்பகலின் எடைச்சீட்டுகளை மறுபடியும் பதிந்தோம். வீட்டிலிருந்து பார்ப்பதற்காக முதலாளியின் மகன் அதை இணையச் சேமிப்புக் கோப்புறைக்கு மாற்றியிருக்கிறார். 7,200 ரிங்கிட்டுக்கு ஒரு சர்வர் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா அம்மா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. இதே கோப்பை இதே விதமாகத் திறந்தால், அது அந்த சர்வரிலும் கெடும்.

ஆக்சஸில் வேலை நடப்பது கோப்பு இருக்கும் கணினியில் அல்ல, திறந்தவரின் கணினியில். தரவு துண்டு துண்டாக அவரிடம் வந்து, மாறி, திரும்பிப் போய் எழுதப்படுகிறது. நடுவில் இணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் பாதி எழுதிய நிலையில் கோப்பு நின்றுவிடலாம். குலை ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே நின்றாலே வைஃபை தடுமாறும். என் முதல் சந்தேகம் அந்தக் கொட்டகையின் மேல்தான். கொட்டகை 100 மீட்டருக்குள் இருந்தால் சாதாரண நெட்வொர்க் கேபிளே போதும்.

இரண்டாவது சந்தேகம் மகனின் ஏற்பாடு. இணையச் சேமிப்பு முழுக் கோப்பையும் பிரதி எடுக்கத் தெரிந்த ஒன்று. யார் எந்த வரியை மாற்றுகிறார் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு பேர் மாற்றினால் இரண்டு கோப்புகள் கிடைக்கும், இரண்டிலும் கணக்கு பாதிதான். இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். அவர் தொலைவிலிருந்து அலுவலகக் கணினியின் திரையையே பார்த்து வேலை செய்யலாம், கோப்பு நகராது.

இனி முக்கியமான வேலை. முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஆக்சஸின் டேட்டாபேஸ் டூல்ஸ் பகுதியில் கோப்பை இரண்டாகப் பிரிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அட்டவணைகள் மட்டும் உள்ள கோப்பு பொதுக் கோப்புறையில் இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் உள்ள கோப்பை நான்கு கணினிகளிலும் தனித்தனிப் பிரதியாக வையுங்கள். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: பிரித்த பின்னும் படிவக் கோப்பை ஒரே இடத்தில் வைத்து எல்லோரும் திறப்பார்கள். பிரித்ததன் பயனே போய்விடும். வெறுமனே பதிவு மட்டும் செய்பவருக்கு ஆக்சஸ் வாங்கவும் வேண்டாம். கோப்பைத் திறந்து பயன்படுத்த மட்டும் உதவும் ஆக்சஸ் ரன்டைமை மைக்ரோசாப்ட் இலவசமாகத் தருகிறது.

கோப்பைத் திறந்ததும் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சின்னப் பூட்டுக் கோப்பு தோன்றும்; கடைசி ஆள் மூடியதும் மறையும். அதை உருவாக்கவும் அழிக்கவும் நான்கு பேருக்கும் அந்தக் கோப்புறையில் உரிமை வேண்டும். படிக்க மட்டும் உரிமை உள்ளவர் முதலில் திறந்தால் மற்றவர்களால் எழுத முடியாமல் போகலாம். நீங்கள் யார் மீதாவது கோபப்பட்டிருந்தால், பாவம், அவர் மீது தவறு இருக்காது.

பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் கேபிள், யுபிஎஸ், பிரதி எடுக்க இரண்டு வெளி வட்டுகள். மாலை இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்படும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் கணக்கு எழுதுவது எனக்குப் புரியாத துணிச்சல்.

ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அதை நெருங்கினாலோ இன்னொரு கிளை திறந்தாலோ அட்டவணைகளை மட்டும் மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றுங்கள். படிவங்கள் அப்படியே இருக்கலாம். அந்த மென்பொருளும் இலவசம். அங்கே எழுதும் வேலையை சர்வரே செய்வதால், ஒருவரின் இணைப்பு அறுந்தாலும் கோப்பு பிழைக்கும். கடைக்காரரின் இயந்திரத்துக்கு அப்போது ஓர் அர்த்தம் இருக்கும்.

அன்றைக்கு வாங்கும்போது, தரவை மாற்றித் தருவது யார், கெட்டால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நிறுவனத்தின் பெயரில் சர்வர் வாங்கிவிட்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நம்பியிருக்க முடியாது. கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான்.