மதுரைக்குத் திரும்பி வந்துவிடலாமா? (வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: எனக்கு வயது 42. சொந்த ஊர் மதுரை திருநகர். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 2 லட்சத்து 40 ஆயிரம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்கே சரியாக இருக்கிறது. மதுரையில் அப்பாவுக்கு 73, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சர்க்கரையும் உண்டு. அம்மாதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், வங்கி வைப்பு எல்லாம் சேர்த்து 1 கோடியே 17 லட்சம் இருக்கிறது. மேடவாக்கம் ஃபிளாட்டை விற்றால் 75 லட்சம் வரும், அதில் கடன் பாக்கி 28 லட்சம். அப்பா வீட்டில் இருந்துகொண்டால் மாதம் 60 ஆயிரத்தில் குடும்பத்தை ஓட்டிவிடலாம். மனைவிக்கும் சம்மதம்தான். இப்போதே வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு 50 வயதுவரை சம்பாதித்துவிட்டு அப்புறம் மொத்தமாக ஓய்வு எடுப்பதா?

பதில்: தம்பி, நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழியுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முதலில் அந்த 50 வயதுக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் அதுதான் பார்வைக்குப் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது, நிறையப் பேர் அதில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

உங்களுக்கு 50 ஆகும்போது மகளுக்கு 19. எந்த ஊர் விடுதியில் இருப்பாளோ. மகனுக்கு 14, ஒன்பதாம் வகுப்பு, பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் சிநேகிதர்கள். அப்பாவுக்கு 81. நீங்கள் யாரோடு இருக்க ஏங்கி இந்தக் கடிதத்தை எழுதினீர்களோ, அந்த 11 வயதுப் பெண்ணும் அந்த 6 வயதுப் பையனும் அப்போது அந்த வீட்டில் இருக்க மாட்டார்கள். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஆறேழு வருடம், அதில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பைக் கழித்துப் பாருங்கள். அவள் உங்களோடு உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கும் காலம் என்று மிஞ்சுவது மூன்று, நான்கு வருடம்தான்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். 2001ஆம் ஆண்டு, அரசு வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்த நேரத்தில், 47 வயதில் நானும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பதுதான் காரணம், வெளியூர்க் கிளைகளிலேயே பாதி வாழ்க்கை போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்த அதே ஜூன் மாதம் பையன் கோயம்புத்தூருக்குப் பொறியியல் படிக்கப் போய்விட்டான். அவனை ஆரப்பாளையத்தில் பஸ் ஏற்றிவிட்டு வந்து, வெறிச்சென்று கிடந்த அவன் மேசை முன்னால் நான் உட்கார்ந்திருந்த சாயங்காலம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நாலு வருடம் முன்னால் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று மதுரைக்கே மாற்றல் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பதவி உயர்வு கையை விட்டுப் போகும் என்று கேட்கவில்லை.

சரி, அப்படியானால் இப்போதே விட்டுவிடலாமா? அதற்கும் கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஃபிளாட்டை விற்றுக் கடனை அடைத்து, வரி, தரகு எல்லாம் போக, உங்கள் கையில் 1 கோடியே 60 லட்சம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 ஆயிரம் என்றால் வருடத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும், அதாவது உங்கள் 54ஆவது வயதில் இதே வாழ்க்கைக்கு மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் வேண்டும். பணம் 8 சதவீதம் வளர்ந்து, விலை 6 சதவீதம் ஏறினால் உங்கள் சேமிப்பு ஏறக்குறைய 30 வருடத்தில் காலி, உங்களுக்கு அப்போது 71, 72 வயது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் என்று இன்றைய மதிப்பில் ஒரு 40 லட்சத்தைத் தனியே எடுத்துவைத்தால் 62, 63 வயதிலேயே தீர்ந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு இப்போது 73. அவர் வயதை நீங்கள் எட்டும்போது கையில் ஒன்றும் இருக்காது.

'வருடச் செலவைப்போல் 25 மடங்கு சேமிப்பு இருந்தால் போதும்' என்று எங்காவது படித்திருப்பீர்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் போட்ட கணக்கு அது. அந்த நாட்டுப் பங்கு, பத்திரங்களை வைத்து, 30 வருட ஓய்வுக்குப் போட்டது. 42 வயதில் வேலையை விடுபவருக்கு 40 வருடத்துக்கு மேல் காசு வேண்டும். அதனால் நான் 33 மடங்குக்குக் குறைந்து சொல்ல மாட்டேன், அதாவது 2 கோடியே 40 லட்சம், பிள்ளைகள் படிப்பு தனி. உங்களிடம் இருப்பது 22 மடங்கு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வெளியே வந்தபோது வங்கியில் நீண்ட கால வைப்புக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி வட்டி கிடைத்தது, மூன்றே வருடத்தில் அது ஆறுக்கும் கீழே போனது. என்னைக் காப்பாற்றியது அகவிலைப்படியோடு மாதாமாதம் வரும் பென்ஷன். உங்களுக்கு அப்படி ஒரு கை கிடையாது. பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியம் உண்டுதான், பத்து வருடம் பணிக்காலம் முடிந்திருந்தால் 58 வயதில் கிடைக்கும், ஆனால் அது கணக்கிடப்படும் சம்பளத்துக்கு 15 ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு இருப்பதால் சில ஆயிரத்துக்கு மேல் வராது.

அப்படியென்றால் என்னதான் செய்வது? மதுரைக்கு வந்துவிடுங்கள், ஆனால் ஓய்வு எடுக்காதீர்கள். வீட்டுச் செலவுக்குத் தேவையான 60, 70 ஆயிரம் வரும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு, சேமிப்பில் கைவைக்காமல் இருங்கள். நீங்கள் இனி ஒரு ரூபாய்கூடச் சேர்க்காவிட்டாலும், அந்த 1 கோடியே 60 லட்சம் 8 சதவீதத்தில் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகிவிடும், பன்னிரண்டு வருடத்தில் 4 கோடியைத் தொடும். 54 வயதில் அது அன்றைய வருடச் செலவைப்போல் 28 மடங்கு. படிப்புக்கு எடுப்பது எடுத்தாலும், இன்னும் நாலு வருடம் சேர்த்து வேலை பார்த்து 58இல் நிம்மதியாக உட்காரலாம். இதில் உங்களுக்கு நஷ்டம் பெரிய சம்பளமும், அதோடு வரும் மரியாதையும். அந்த மரியாதை போவது முதல் ஒரு வருடம் உறுத்தும், கல்யாண வீட்டில் 'இப்ப எங்க இருக்கீங்க' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சிரமமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். சாயங்காலம் அப்பாவைத் தென்கால் கண்மாய்ப் பக்கம் மெதுவாக நடக்கக் கூட்டிப்போகலாம்.

வேலைக்கு முதலில் உங்கள் நிறுவனத்திடமே கேளுங்கள், மேலாளர் பொறுப்பை விட்டுவிட்டு, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி ஒரு வேலை தருவார்களா என்று. முடியாது என்றால் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் உள்ள எல்காட் என்ற அரசு நிறுவனத்தின் ஐ.டி. வளாகங்களில் விசாரியுங்கள். சென்னைச் சம்பளம் இங்கே கிடைக்காது, உங்களுக்குத் தேவையும் இல்லை. வேலை கையில் உறுதியான பிறகுதான் ராஜினாமா.

ராஜினாமாவுக்கு முன்னால் செய்ய வேண்டியதில் எனக்கு மிகவும் கவலை தருவது மருத்துவக் காப்பீடு. அப்பா அம்மா இப்போது உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில்தான் இருப்பார்கள், நீங்கள் வெளியே வந்ததும் அது நின்றுவிடும். ஸ்டென்ட் வைத்த 73 வயதுக்காரருக்குப் புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம்வரை காத்திருப்புக் காலம் வைப்பார்கள், பிரீமியமும் கடுமையாக இருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் குழுப் பாலிசியிலிருந்து தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டா, இதுவரை கழிந்த காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்று வேலையில் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இது முடியாமல் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள், ஒரு ஆஸ்பத்திரிச் செலவில் உங்கள் மேடவாக்கம் காசில் பாதி போய்விடும். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், புது வேலையின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) வரும், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் 26இல் 15 பங்கு என்ற கணக்கில். கடிதத்தில் அதை நீங்கள் சேர்க்கவே இல்லை.

'அப்பா வீட்டில் இருந்துகொண்டால்' என்று எழுதியிருக்கிறீர்கள். உடன்பிறந்தவர்கள் உண்டா? அது அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடாக இருந்து, உயில் எழுதாமல் போனால், அம்மாவுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு, கட்டிக்கொடுத்த தங்கைக்கும்தான். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் வாடகை இல்லாத வீடு என்று ஆயுள் முழுவதற்கும் கணக்குப் போடாதீர்கள். வந்து குடியேறும் முன்பே கூடப் பிறந்தவர்களிடம் மனம் விட்டுப் பேசிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மனைவி. இவ்வளவு பெரிய கடிதத்தில் அவர் இரண்டே சொல்லில் வந்து போகிறார். மாமனார் மாமியாரோடு ஒரே சமையலறையில் இருக்கப்போவது அவர்தான், அப்பாவின் மாத்திரைக் கணக்கு பாதி அவர் தலையில்தான் விழும். அவருக்கு வேலைக்குப் போக ஆசையா, முன்னால் போய்க்கொண்டிருந்தாரா, இதையெல்லாம் கேட்டீர்களா? அவர் 25 ஆயிரம் சம்பாதித்தால்கூட மேலே போட்ட கணக்கு முழுவதும் இலகுவாகிவிடும். பிள்ளைகளின் முழு ஆண்டு விடுமுறையில் எல்லோரும் ஒரு மாதம் திருநகரில் இருந்து பாருங்கள், நீங்களும் அங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி கேளுங்கள். அந்த மாதம் முடிந்ததும் அவரிடம் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கணவர் துபாயில் 13 வருடமாக எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். வீடு கட்டியாயிற்று, கடனும் முடிந்துவிட்டது. பெரியவன் ஒன்பதாவது, சின்னவன் நாலாவது. ஒவ்வொரு தடவை வரும்போதும் 'இன்னும் ரெண்டு வருஷம்' என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அம்மா, அவருக்குப் புரியாமல் இல்லை, பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். வீடு, கடன் என்று காரணம் இருந்தவரை போனார். இப்போது ஊருக்கு வந்தால் என்ன செய்வது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம்தான் அந்த 'ரெண்டு வருஷம்'. அதனால் 'எப்ப வருவீங்க' என்று கேட்காமல், 'இங்க வந்தா என்ன தொழில் செய்யலாம்' என்று கேளுங்கள்.

அவர் கையில் நல்ல தொழில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் போடுபவர்களுக்கு 78 ஆயிரம் ரூபாய்வரை மானியம் கிடைக்கிறது. இந்த வேலை தெரிந்த ஆட்களுக்கு நம் பக்கத்தில் தேவை இருக்கிறது. மின் ஒப்பந்ததாரராகச் செய்ய முறைப்படி உரிமம் வேண்டும், அவருடைய படிப்புக்கும் அனுபவத்துக்கும் எது பொருந்தும் என்று இப்போதே விசாரிக்க ஆரம்பிக்கலாம். அங்கே வேலையை முடித்துக்கொண்டு வரும்போது பணிக்கொடையும் உண்டு: முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். 13 வருடத்துக்கு 345 நாள் அடிப்படைச் சம்பளம் ஆகிறது. தொழில் தொடங்கக் கடன் வாங்காமல் அதுவே உதவும். அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்து அந்தத் தொகையைக் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள்.

பெரியவன் பத்தாவது போகிறான் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது, விமானம் ஏறுவதற்கு முந்தின ராத்திரி, பெட்டி கட்டும் நேரத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். வந்து இரண்டு மூன்று நாள் தூங்கி எழுந்து, பிள்ளைகளோடு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் முதல் வாரத்திலேயே, அந்தக் கணக்குச் சீட்டோடு உட்கார்ந்து பேசுங்கள்.