புள்ளி விழுந்தால் மட்டும் போதாது: பிரெயில் அச்சு கேள்வி பதில்

பிரெயில் எழுதும், அச்சடிக்கும் கருவிகளைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காரைக்குடி வட்டாரத்திலிருந்தே நிறைய வந்திருக்கிறது. எனக்குப் பார்வை கிடையாது, விரலால்தான் படிக்கிறேன். ஆகவே என் பதில்கள் விரலின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தேவகோட்டை, ஆசிரியை: பழைய மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்குப் பிரெயில் பிரிண்டர் வாங்கித் தருகிறார்கள். எது நல்லது?

எதை அடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது, டீச்சர். வினாத்தாள், பாடக்குறிப்பு என்று அவ்வப்போது சில பக்கங்கள் என்றால் தனித்தாள் போடும் மிஷின் போதும். ஸ்வீடனின் இண்டெக்ஸ் நிறுவனத்தில் எவரெஸ்ட் அந்த வகை. புத்தகமாக அடிப்பீர்கள் என்றால் ஓரத்தில் துளை போட்ட தொடர்தாள் ஓடும், அதே நிறுவனத்தின் ‘பேசிக்’ வகை. அறிவியல் படம், வரைபடம் நிறைய வேண்டுமென்றால் அமெரிக்காவின் வியூபிளஸைப் பாருங்கள். புள்ளியின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் படம் போடும். அதை ஆரம்பித்த ஜான் கார்ட்னர் இயற்பியல் பேராசிரியர், நடுவயதில் பார்வை இழந்தவர்.

இரண்டு பக்கமும் அடிக்கும் மிஷின் தாளை மிச்சம் பிடிக்கும். பின்பக்கப் புள்ளிகள் முன்பக்கப் புள்ளிகளுக்கு இடையில் விழும். ஆனால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு ஒரு பக்கம் அடித்த தாளையே கொடுங்கள்.

நன்கொடையாளர்கள் மிஷினோடு நின்றுவிடுவார்கள். யு.பி.எஸ்., சர்வீஸ், தாள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே கேளுங்கள். தாளின் கனம் 120 முதல் 160 ஜிஎஸ்எம் வேண்டும். ஜெராக்ஸ் தாளில் புள்ளி நிற்காது, ஓட்டைதான் விழும். சத்தமும் பலமாக இருக்கும் என்பதால் வகுப்பறையில் வைக்காதீர்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று: அடித்த முதல் தாளைப் பிரெயில் தெரிந்த ஒருவர் விரலில் கொடுத்துப் பார்க்காமல் மீதியை அடிக்காதீர்கள்.

காரைக்குடி, டிடிபி கடை: தமிழில் டைப் செய்த கோப்பைத்தான் அனுப்பினோம். வந்த பிரெயிலைப் படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். மிஷின் கோளாறா?

மிஷின் பாவம், அதை விடுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள். மென்பொருள் அதைத்தான் பிரெயிலாக்கும். முதலில், தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு பிரெயிலாக்கும் மென்பொருள்: டக்ஸ்பரி, அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்லூயி. இரண்டிலும் தமிழ் உண்டு.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது. பிரெயிலில் கட்டம் என்பது ஆறு புள்ளிகளுக்கான இடம்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. பாரதி பிரெயிலில் மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னால் தனிக் கட்டமாக வரும்: நான்காம் புள்ளி, அதாவது கட்டத்தின் வலது மேல் மூலை. ‘அம்மா’வுக்கு ஐந்து கட்டம்: அ, நான்காம் புள்ளி, ம, ம, ஆ. ‘கெ’ என்றால் கொம்பு முன்னால் வராது. க முதலில், எ அடுத்து. இந்த இரண்டும் சரியாக இருந்தால் மாற்றம் பெரும்பாலும் சரி. இருந்தாலும் முதல் தாளை ஒரு விரலுக்குக் காட்டுங்கள்.

குன்றக்குடி: சாதாரண லேசர் பிரிண்டரில் பிரெயில் எழுத்துரு போட்டு அடிக்கலாமா?

கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அழகாக இருக்கும். விரலுக்கு அது வெறும் தாள். சூடுபட்டால் கருப்பாக அச்சான இடம் மட்டும் உப்புகிற விசேஷத் தாள் ஒன்று உண்டு, ஆனால் அதற்கு வேறு சூட்டு மிஷின் வேண்டும். படத்துக்குச் சரி, புத்தகத்துக்குக் கட்டுப்படியாகாது.

புதுவயல்: இங்க்ஜெட்டில்?

மேலே பாருங்கள்.

கண்டனூர், அச்சகம்: மணிவிழாப் பத்திரிகையில் பிரெயிலும் வேண்டுமாம். எங்களிடம் எம்போசிங் டை இருக்கிறது. பிள்ளையார் சுழிக்கு என்ன செய்வது?

டையில் செய்யலாம். ஆனால் கார்டில் இடம் இருக்கிறதே என்று டிசைனர் பெரிதாக்கிவிடுவார், அங்கேதான் கெடும். புள்ளிக்குப் புள்ளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர், கட்டத்துக்குக் கட்டம் ஆறு, உயரம் அரை மில்லிமீட்டர். ஒரு கட்டம் விரல்நுனிக்குள் அடங்க வேண்டும். கார்டு ரொம்பத் தடிமனாக இருந்தால் புள்ளியின் உச்சி வெடித்து விரலை உறுத்தும். பார்வையில்லாத விருந்தினர் சிலர்தான் என்றால் தனித்தாளில் கையால் பிரெயிலில் எழுதிச் செருகிவிடலாம், செலவும் இல்லை. பிள்ளையார் சுழிக்கு ‘உ’ எழுத்தையே போடுங்கள்: 1, 3, 6.

பள்ளத்தூர், பொறியியல் மாணவர்: மொபைலே எல்லாவற்றையும் படித்துக் காட்டுகிறது. இன்னும் எதற்கு சார் பிரெயில்?

தம்பி, காதால் மட்டுமே படித்த பையன் ஒருவன் என்னிடம் ‘வாளைப்பலம்’ என்று எழுதிக் காட்டினான். கெட்டிக்காரன்தான். பனி, பணி இரண்டும் அவன் காதில் ஒன்றாகவே விழுந்திருக்கின்றன. எழுத்தை அவன் தொட்டதே இல்லை.

அவரே மீண்டும்: ஆட்டோகரெக்ட் திருத்திவிடுமே! பிரெயில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியுமா?

கனம் உண்மைதான். அச்சில் ஒரு பக்கம் பிரெயிலில் இரண்டு மூன்றாகிவிடும். அதற்குத்தான் ஆர்பிட் ரீடர் மாதிரி கருவிகள் வந்திருக்கின்றன. இருபது கட்டம், புள்ளிகள் தானாக எழும்பி அடங்கும், ஒரு நூலகமே சின்ன மெமரி கார்டில் அடங்கும். உங்கள் மொபைலோடும் புளூடூத்தில் சேரும். ஆட்டோகரெக்ட்? ‘பணி’ சரியான சொல், ‘பனி’யும் சரியான சொல். எதை எதுவாகத் திருத்தும்?

காரைக்குடி, வங்கி ஊழியர்: நானும் பார்வையற்றவன். கல்லூரி முழுக்க ஆடியோவில்தான் முடித்தேன், வேலையும் வாங்கினேன். தம்பி சொல்வதில் என்ன தப்பு?

நீங்கள் ஐந்தாம் வகுப்பு வரை பிரெயிலில் படித்தவர் என்று அடுத்த வரியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுத்து தெரிந்த பிறகு காதால் படிப்பதைப் பற்றி எனக்கு வழக்கே இல்லை, நானும் அப்படித்தான் பேப்பர் கேட்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்தே காட்டாமல் மொபைலைக் கையில் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். இதே விஷயமாக இன்னும் பலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கொத்தமங்கலம், ஒரு ஆச்சி: கண் மங்கிக்கொண்டே வருகிறது. மசாலா டப்பாக்களுக்குப் பிரெயில் ஒட்டலாமா?

ஆச்சி, சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூவுக்கு உங்கள் மூக்கே போதும். வம்பு செய்வது உப்பும் சோடா உப்பும்தான். அந்த மாதிரி டப்பாவுக்கு மட்டும் ரப்பர் பேண்ட்: உப்புக்கு ஒன்று, சோடாவுக்கு இரண்டு. எண்ணெய்க் கை படும் இடத்தில் ஸ்டிக்கர் உரிந்துவிடும், மூடியின் உச்சியில் ஒட்டுங்கள். பிரெயில் கற்க ஆசையென்றால் கண் தெரியும்போதே தொடங்குங்கள்.

நாச்சியாபுரம்: மகளுக்கு ஆறு வயது. ஸ்லேட்டா, பெர்க்கின்ஸா?

முடிந்தால் பெர்க்கின்ஸ், அதாவது பிரெயில் தட்டச்சு மிஷின். ஸ்லேட் என்பது தாளைச் செருகி ஊசியால் புள்ளி குத்தும் சட்டம். அதில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951இல் வெளிவந்த பெர்க்கின்ஸில் அடித்தவுடனே புள்ளி விரலுக்குக் கிடைக்கும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ எடை, பிள்ளையால் தூக்க முடியாது. அதனால் நான்காம் வகுப்பு வாக்கில் ஸ்லேட்டையும் பழக்குங்கள். சாவி இறுகினால் தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். தூசி ஒட்டி, உள்ளே பிசினாகிவிடும்.

திருப்பத்தூர், வாசகர் வட்டம்: நாவல்களைப் பிரெயிலாக்கினால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

லாப நோக்கமில்லாமல் பார்வையற்றோருக்காக என்றால் 2012 சட்டத்திருத்தம் அனுமதிக்கிறது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடே இந்தியாதான். அடித்த புத்தகங்களை நிற்க வைத்து அடுக்குங்கள், படுக்கப் போட்டால் அடியில் உள்ளவற்றின் புள்ளி அமுங்கிவிடும்.

கோவிலூர்: கலர் பிரிண்டரில் பிரெயில் வருமா?

குன்றக்குடிக்காரரைக் கேளுங்கள்.

கல்லல்: அரசு இலவசமாக ஸ்லேட் தருமா?

சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டையின் நகலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.