செக்குக் கடலைப் புண்ணாக்கை மாடித்தோட்டத்துக்கு எப்படி உரமாக்குவது?

ஸ்பெயினில் எண்ணெய் பிழிந்த ஆலிவ் சக்கையை மாட்டெருவோடு மக்கவைத்து உரமாக்குகிறார்களே, வியாசர்பாடி செக்குக் கடைப் புண்ணாக்கையும் அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் சிக்கல் வேறு. ஆலிவ் சக்கையில் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு, செடிக்கு ஆகாத ஃபீனால்கள் அதிகம். அவை சிதைய மாதக்கணக்கில் ஆகும். கடலைப் புண்ணாக்கிலோ சுமார் 7% தழைச்சத்து. அப்படியே வேரடியில் கொட்டினால் சூடும் அம்மோனியாவும் கிளம்பி வேர் கருகும். எறும்பும் எலியும் தொட்டியைத் தேடி வரும்.

பொடித்த புண்ணாக்கு 1 கிலோ, காய்ந்த சருகு 4 கிலோ, நாலு கைப்பிடி பழைய தொழுவுரம். தண்ணீர் தெளித்துக் கலந்து, பக்கமும் அடியும் துளையிட்ட 100 லிட்டர் டிரம்மில் போடுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்கணும், தண்ணீர் சொட்டக்கூடாது. 5 நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் சருகு போதவில்லை. சாக்கடை நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று போகவில்லை. உடனே காய்ந்த சருகு சேர்த்துக் கிளறுங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் இதை அலட்சியம் செய்யவே கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னல் கைக்கெட்டும் தூரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி கட்டாயம்.

இரண்டு மாதத்தில் சூடு தணிந்து மண்வாசனை வரும். 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் இரண்டு கைப்பிடி போதும்.

ஆமணக்குப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தாலும், நாய், பூனை வளர்க்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதில் ரிசின் நஞ்சு இருக்கிறது.