இங்கிலாந்து கிராமப்புறத்தில் சொந்த நிலம் இருந்தால், குடும்பத்துக்கு வீடு கட்ட அனுமதி கிடைத்துவிடுமா?

நிலம் உங்கள் பெயரில் இருப்பது மட்டும் போதாது. ஊரைவிட்டுத் தள்ளி, வெட்டவெளியில் தனி வீடு என்றால் தேசியத் திட்டமிடல் கொள்கையே பொதுவாக வேண்டாம் என்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு: பண்ணையிலேயே தங்கியாக வேண்டிய தொழிலாளி, பயன்பாடின்றிக் கிடக்கும் கட்டடத்தை மீட்பது, அப்புறம் அசாதாரணச் சிறப்புள்ள வடிவமைப்பு. கடைசியானது கேட்க அழகு. செலவில் கையைக் கடிக்கும். என்னைக் கேட்டால், கிராமத்தை ஒட்டிய மனையோ பழைய பண்ணைக் கொட்டகையோ தேடுவது மேல். கொட்டகையில் வௌவால் இருக்க வாய்ப்புண்டு என்றால் பொறுமை வேண்டும்; அங்கே வௌவால்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதனால் முதலில் ஆய்வு தேவை. அவை வெளியே பறப்பதை மே முதல் செப்டம்பர் வரைதான் ஆய்வு செய்வார்கள். விண்ணப்பிக்கும் முன்பே, அனுமதி தரும் உள்ளூர் கவுன்சிலிடம் ஆலோசனை கேளுங்கள். பெரும்பாலும் கட்டணம் உண்டு, ஆனாலும் வீண் இல்லை. முடிவுக்கு வழக்கமாக 8 வாரம். மறுத்தால் 6 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.