பூர்வகுடி மானியம்: பணம் யாருடையது, கணக்கு கேட்பது யார்?

டார்வினில் மானியக் கண்காணிப்பு வேலை பார்க்கிறவன் என்பதால், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்குப் போகும் பணம் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வட ஆஸ்திரேலியப் பகுதியான நார்தர்ன் டெரிட்டரியை வைத்தே பேசுகிறேன்.

கே (மெல்பர்ன்): அண்ணா, இது முழுக்க நம் வரிப்பணம்தானே?

முழுக்க அப்படி இல்லை தம்பி. இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒன்று மத்திய பட்ஜெட்டிலிருந்து வரும் மானியம். 2014-இல் சுமார் 150 திட்டங்களை ஐந்து பிரிவுகளாகச் சுருக்கி, பூர்வகுடி முன்னேற்றத் திட்டம் என்று ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். 2019 ஜூலை முதல் அதைத் தேசியப் பூர்வகுடி ஆஸ்திரேலியர் முகமை நடத்துகிறது.

இன்னொன்று 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் பயன்கணக்கு, அதாவது டெரிட்டரியின் பூர்வகுடிகளின் பயனுக்கென வைத்த தனிக் கணக்கு. பூர்வகுடி நிலத்தில் நடக்கும் சுரங்கங்கள், தோண்டியெடுக்கும் கனிமத்துக்காக அரசுக்கு ராயல்டி என்ற உரிமைத்தொகை கட்டும். அதே அளவு தொகையை மத்திய அரசு தன் கஜானாவிலிருந்து இந்தக் கணக்கில் போடும். குரூட் தீவு மாங்கனீசும் தனாமிப் பாலைவனத் தங்கமும் இப்படித்தான் மானியமாக மாறுகின்றன. கஜானா வழியாக வருகிறது என்பதற்காக இதை இனாம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நிலம் அவர்களுடையது.

கே (பெர்த்): அப்படியானால் யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்வது யார்?

எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பயன்கணக்கிலிருந்து ஒரு பங்கு, பூர்வகுடி நில உரிமையாளர்களின் சார்பில் செயல்படும் நான்கு நிலக் கவுன்சில்களின் நிர்வாகச் செலவுக்குப் போகும். 30 சதவீதம் சுரங்கத்தால் பாதிக்கப்படும் பகுதி மக்களுக்கு. இது போக, டெரிட்டரியின் பூர்வகுடிகள் எல்லோருக்கும் பயன்படும் வேலைகளுக்கென மானியம் உண்டு. இந்த மானியத்துக்குப் பல ஆண்டுகள் ஓர் ஆலோசனைக் குழு பரிந்துரை செய்துவந்தது, கையெழுத்து மட்டும் கான்பெராவில் அமைச்சருடையதாக இருந்தது.

2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி அமைந்து, இந்த மானியத்தை இப்போது முடிவு செய்யும் பூர்வகுடி முதலீட்டுக் கழகத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து 50 கோடி டாலர் மூலதனம், முதல் மூன்றாண்டுக்கு ஆண்டுதோறும் 6 கோடி என ஒதுக்கினார்கள். அதன் வாரியத்தில் பன்னிரண்டு பேர். நான்கு நிலக் கவுன்சில்களிலிருந்தும் இரண்டிரண்டு பேராக எட்டு, அரசு நியமிப்பது இரண்டு, தனி நிபுணர்கள் இரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பான்மை யார் பக்கம் என்று தெரியும்.

கே (மதுரை): சார், கொடுத்த பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

ஒப்பந்தத்தில் தவணை இருக்கும். ஒவ்வொரு தவணைக்கும் முன் ஓர் அறிக்கை, ஆண்டு முடிவில் தணிக்கை செய்த கணக்கு. ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் மத்திய மானியம் வாங்கும் பூர்வகுடி அமைப்புகள் பொதுவாக 2006-ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சட்டத்துக்கென ஒரு பதிவாளர் இருக்கிறார். அவர் கணக்குப் புத்தகங்களைச் சோதிக்கலாம், நிலைமை மோசமானால் இயக்குநர்களை ஒதுக்கிவிட்டுத் தனி நிர்வாகி ஒருவரைப் போடலாம்.

இதெல்லாம் காகிதம். ரசீது சரியாக இருக்கிறது என்பதால் வேலை நடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நான் முதலில் பார்ப்பது வாரியக் கூட்டக் குறிப்பைத்தான். யார் வந்தார்கள், யார் பேசினார்கள், எதை மறுத்தார்கள்? எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அப்புறம் தலைமை அதிகாரி எத்தனை முறை மாறினார் என்று பார்ப்பேன். ஆளும் மாறி, மென்பொருளும் மாறி, பழைய கோப்பும் காணாமல் போன இடத்தில் திருட்டு நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, கணக்கு தானாகவே குழம்பிவிடும்.

இன்னொரு விஷயம், மழைக்காலம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டெரிட்டரியின் வடகிழக்கில் உள்ள ஆர்னெம் நிலத்தில் பல சாலைகள் துண்டிக்கப்படும். நடுவில் ஒரு சாவு விழுந்தால் ஊரே காரியத்துக்குப் போய்விடும், அலுவலகம் பூட்டிக் கிடக்கும். அந்த நேரத்தில் 'அறிக்கை தாமதம்' என்று கடிதம் அனுப்புவதற்குப் பெயர் மேற்பார்வை இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே நாட்காட்டியைப் பார்த்திருக்க வேண்டும்.

கே (சிட்னி): ஊழல் நிறைய என்கிறார்களே?

இருக்கிறது. தண்டனை பெற்றவர்களும் உண்டு. இருநூறு பேர் வாழும் ஊரில் வாரிய உறுப்பினரின் மைத்துனர்தான் ஊரிலேயே ஒரே பிளம்பர் என்றால் சொந்த நலன் குறுக்கிடத்தான் செய்யும். அதை முன்கூட்டிச் சொல்லி, எழுதிவைத்து, அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் வெளியே உட்கார்ந்தாரா என்றுதான் கேட்க வேண்டும். உறவே இருக்கக் கூடாது என்றால் அந்த ஊரில் வாரியமே அமைக்க முடியாது.

ஆனால் கொடுப்பவர் பக்கத்தையும் பாருங்கள். 2017-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் நான் முதலில் சொன்ன மத்தியத் திட்டத்தையே ஆராய்ந்தது. எந்த அடிப்படையில் திட்டங்கள் அமைச்சருக்குப் பரிந்துரைக்கப்பட்டன என்பது தெளிவாக இல்லை, முக்கிய முடிவுகளுக்கு முறையான பதிவு இல்லை, நிதி பெற்ற எல்லாத் திட்டங்களுக்கும் இலக்கு வைக்கவில்லை என்று எழுதினார்கள். ஒரு சின்ன ஊர் அமைப்பு இதைச் செய்திருந்தால் பதிவாளர் வாசலில் நின்றிருப்பார்!

கே (கொழும்பு): நன்றாக நடந்த ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

நான்கு நிலக் கவுன்சில்களில் ஒன்றான, டெரிட்டரியின் நடுப்பகுதிக்கான மத்திய நிலக் கவுன்சிலின் பகுதியைச் சொல்வேன். 2005-இல் தனாமி தங்கச் சுரங்க ராயல்டியைக் கொண்டு அங்குள்ள வால்பிரி என்ற பூர்வகுடி இன மக்களின் கல்வி அறக்கட்டளை தொடங்கியது. அதற்காக முன்னின்று போராடியவர்கள் வால்பிரி ஆசிரியைகள். யுவெண்டுமு, லஜமானு, வில்லோரா, நிரிப்பி ஆகிய நான்கு ஊர்களிலும் தாய்மொழிப் புத்தகம், பாலர் கல்வி, இளைஞர் பயிற்சி என்று செலவிடுகிறார்கள்.

அதே ஆண்டு உலுரு பாறை இருக்கும் தேசியப் பூங்காவின் வாடகையில் ஒரு பங்கைப் பொது வேலைக்கு ஒதுக்கவும் நில உரிமையாளர்கள் முடிவு செய்தார்கள். உலுரு அருகே உள்ள முதிஜுலு என்ற ஊரில் 2013-இல் நீச்சல் குளம் திறந்தது அப்படித்தான். எனக்குப் பிடித்தது குளம் அல்ல, அதை நடத்தும் செலவுக்கும் பணம் வைத்தார்களே, அது. கட்டிடத்துக்குக் கொடுத்துவிட்டுப் பராமரிப்புக்குக் கொடுக்காத மானியங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

கே (டார்வின்): சுரங்கம் மூடினால்?

வரவு நிற்கும். காக்கடு தேசியப் பூங்கா அருகே ரேஞ்சர் யுரேனியச் சுரங்கம் 2021 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது. 2024 மார்ச்சில் மேகன் புயல் குரூட் தீவின் கப்பல் துறையை உடைத்துப்போட்டதில் மாங்கனீசு ஏற்றுமதி ஓராண்டுக்கும் மேல் முடங்கியது. ஆண்டு வரவை அப்படியே பங்கு வைத்துத் தீர்க்காமல் முதலீட்டுக் கழகத்துக்கு மூலதனமாகக் கொஞ்சம் ஒதுக்கியது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

கே (பிரிஸ்பேன்): நான் கணக்காளர், அண்ணா. ஏதாவது உதவி செய்யலாமா?

தாராளமாகம்மா. அமைப்பின் விதிகள் அனுமதித்தால், உறுப்பினர் அல்லாத ஒருவரைச் சிறப்பு இயக்குநராகச் சேர்க்கலாம். இயக்குநர்களில் பெரும்பான்மை பூர்வகுடிகளாக இருக்க வேண்டும். போவதற்கு முன் பதிவாளரின் பொதுப் பதிவேட்டில் அந்த அமைப்பின் விதிப்புத்தகத்தையும் பழைய ஆண்டறிக்கைகளையும் படித்துவிடுங்கள். இணையத்தில் இலவசம். முதல் சில கூட்டங்களில் எக்ஸெல் தாளைத் திறக்காமல், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.